ஏப்ரலில் ஓடிய மழைநீர் வடிகால்: ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்தின் நிகழ்வு ஆய்வு

தெருப் பெயர்களும் ஆள் பெயர்களும் இங்கே வேண்டுமென்றே விடப்பட்டுள்ளன. வசதிக்காகத் தண்ணீர் தேங்கிய தெருவை நடுத்தெரு என்றும், அதற்கு அடுத்துத் தாழ்வாக இருப்பதைக் கீழ்த்தெரு என்றும் குறிப்பிடுகிறோம். இரண்டும் வேறு வேறு சங்கங்களைச் சேர்ந்தவை. கடைசிப் பகுதியில் இது முக்கியமாகிறது.

பின்னணி

இந்தக் குடியிருப்பு தென்சென்னைப் புறநகரில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு நீர் இறங்கும் பாதையில் இருக்கிறது. அந்தப் பக்கத்து ஏரிகள் ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வழிகிற தொடர்கள். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம், அது நிரம்பினால் சதுப்பு நிலம், அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய். 1980களில் மனைப்பிரிவு போடும் வரை இங்கே ஏரிப் பாசன வயல்தான் இருந்தது. வயலுக்கு நடுவே ஓடிய வாய்க்கால் இப்போது ஒரு கார் அகலத்துக்கு ஒடுங்கி, வீடுகளின் பின்சுவர்களுக்கு நடுவில் உபரிநீர்க் கால்வாயாக ஓடுகிறது.

சங்கம் 1990களின் கடைசியில் தொடங்கியது. 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவு பெற்றது. 9 தெருக்கள், முந்நூறுக்குச் சற்றுக் கூடுதலான வீடுகள். தெருவிளக்கு, இரவுக் காவலர், பொங்கலுக்குக் கோலப்போட்டி, குப்பை வண்டி வராவிட்டால் போன் போடுவது என்று எல்லாச் சங்கங்களும் செய்கிற வேலைகள்தான். 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு முன்பு பொதுக்குழுவுக்குத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை (கோரம்) சேர்வதே பெரும்பாடு. அதற்குப் பிறகு நாற்காலி பற்றவில்லை.

பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், அதையொட்டி ஓர் உறிஞ்சுகுழி. வெயில் காலத்தில் இந்த ஏற்பாடு ஓடிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் தரையைத் தொடும் அளவுக்கு ஏறியதும் உறிஞ்சுகுழி எதையும் உள்ளே வாங்காது. டேங்க் நிரம்பிக் கழிப்பறைக்குள் எதிர்த்து வரும். கழிவுநீர் லாரியைக் கூப்பிட்டு எடுத்தால் நான்கு நாளில் மறுபடி நிரம்பும், ஏனென்றால் லாரி எடுப்பதில் பாதி சுற்றிலும் ஊறி வந்த நிலத்தடி நீர். இந்தப் பகுதியில் வாழாதவர்களுக்கு இது விளங்குவது கடினம். பின்னால் வரும் பல விஷயங்களுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

2021 நவம்பர் மழையில் நடுத்தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. சங்கம் மனு மேல் மனு கொடுத்தது, கவுன்சிலரோடு மண்டல அலுவலகம் வரை போனது. மழைநீர் வடிகாலுக்கு நிதி கிடைத்து, 2022 மழைக்கு முன் வேலை முடிந்தது. ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் அதன் படம் வந்தது.

2022 மழைக்காலம்

வடிகால் வருவதற்கு முன் நடுத்தெருவில் நின்ற தண்ணீர் மழை விட்டால் ஒரு நாளில் வடியும். செம்மண் நிறத்தில் இருக்கும். வடிகால் வந்த பிறகு மூன்று நாள் நின்றது. நிறம் கறுப்பு. மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது. மூன்றாம் நாள் வடிகாலின் மூடி ஓரத்திலிருந்து தண்ணீர் உள்ளே போவதற்குப் பதிலாக வெளியே வந்ததைப் பலர் வீடியோ எடுத்தார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் மூன்று விளக்கங்கள் ஓடின. ஒப்பந்ததாரர் சிமெண்டைத் திருடிவிட்டார் என்பது ஒன்று. தெருவின் மேற்கு முனையில் புதிதாக வந்த 12 வீட்டு அடுக்ககம்தான் காரணம் என்பது இரண்டாவது. ஏரியில் மதகைத் திறந்துவிட்டார்கள் என்பது மூன்றாவது. இது ஒவ்வோர் ஆண்டும் வரும். மூன்றில் எதற்கும் யாரிடமும் ஓர் அளவுகூட இல்லை. மறுபடி மனு எழுதலாம் என்று செயற்குழு கூடியபோது, மனுவில் என்ன கேட்பது என்ற இடத்தில் பேச்சு நின்றது. வடிகால் வேண்டும் என்று கேட்டாயிற்று, கொடுத்தும் விட்டார்கள்.

கவனித்தவை

2023 ஏப்ரலில், மழை பெய்து வாரக்கணக்கான பிறகு, தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் பெண் ஒருவர் செயலாளரிடம் சொன்னார்: “சார், காலையில ஆறு மணிக்கு மூடிகிட்ட நின்னு கேளுங்க. உள்ளே தண்ணி ஓடற சத்தம் வருது.” போய்க் கேட்டோம். ஓடியது. கோடையில் காய்ந்து கிடக்க வேண்டிய மழைநீர் வடிகால், வீடுகளில் குளியலும் துவையலும் நடக்கிற நேரத்தில் ஓடுகிறதென்றால் அது மழைநீராக இருக்க வழியில்லை.

மட்டம் பார்க்கலாம் என்ற யோசனை தெருவிலேயே குடியிருக்கும் மேஸ்திரியிடமிருந்து வந்தது. நடுத்தெரு வீடுகளில் பாதியைக் கட்டியவர் அவர். தன் வீட்டைக் காட்டினார்: கட்டும்போது மூன்று படி ஏறி உள்ளே போன வாசல், இப்போது ஒரு படி இறங்கிப் போகிறது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே மூன்று முறை சாலை போட்டதன் கணக்கு அது. சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு அறிவுறுத்தியது. இந்தத் தெருவில் சாலை உயர்ந்தது அதற்கு முன்பே.

ஒரு ஞாயிறு விடியற்காலை, வண்டிகள் வருமுன், டியூப் லெவலோடு தொடங்கினோம். உள்ளே இருப்பது தெரியும் நீளமான பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, இரு முனையையும் இருவர் தூக்கிப் பிடிக்க, இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கும் மட்டம் ஒன்றாக இருக்கும். கொத்தனார்கள் தினமும் செய்கிற வேலைதான், ஆனால் டியூபுக்குள் ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் அளவு பொய்யாகிவிடும். மேஸ்திரி ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்து, டியூபை அடி அடியாக விரலால் சுண்டிக் குமிழியைத் தள்ளிக்கொண்டே போனார். தெருமுனை வீட்டு கேட் தூணில் முதல் சாக்பீஸ் கோடு. அங்கிருந்து தூணுக்குத் தூண் அதே மட்டத்தைக் கடத்திக்கொண்டு கிழக்கு முனை வரை போனோம். பிறகு ஒவ்வொரு மூடியையும் கடப்பாரையால் நெம்பித் திறந்து, கம்பியை உள்ளே விட்டு, வண்டலைத் தாண்டிக் கான்கிரீட்டில் தட்டும் வரை இறக்கி, கோட்டிலிருந்து ஆழம் குறித்தோம். யாரும் உள்ளே இறங்கக் கூடாது என்பது முதலிலேயே பேசி வைத்த விதி.

அளவுகளைத் தாளில் எழுதி வைத்ததும் விஷயம் தெளிவானது. வடிகாலின் தரை தெரு நடுவிலிருந்து கிழக்கே சரிய வேண்டும். உபரிநீர்க் கால்வாயை எட்டும் முன் உள்ள சிறுபாலத்தடியில் அது 7 அங்குலம் ஏறியிருந்தது. அதாவது வடிகாலுக்குள் 7 அங்குலம் தேங்கிய பிறகே ஒரு சொட்டு வெளியே போகும். ஆண்டு முழுவதும் கழிவுநீர் அந்த இடத்தை நிரப்பி வைத்திருந்தது. வண்டல் படிந்து படிந்து மிச்ச உயரத்தையும் அடைத்திருந்தது. மழை வரும்போது மழைக்கு இடம் இல்லை. போதாக்குறைக்கு, தெருவின் தாழ்ந்த பகுதியில் தண்ணீர் உள்வாங்கும் துளைகள் சாலையை விட உயரத்தில் இருந்தன.

உட்சுவரில் 14 குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்ததை டார்ச் அடித்துப் பார்த்தோம். அவற்றில் 5 காய்ந்து கிடந்தன. அவை மொட்டைமாடி மழைநீர் இறங்கும் குழாய்கள், அவற்றால் கெடுதல் இல்லை. மீதி 9 ஈரமாக இருந்தன, அதாவது வீட்டுக் கழிவுநீரைக் கொண்டுவருபவை. ஒன்று அந்த அடுக்ககத்தினுடையது. இன்னொன்று செயற்குழு உறுப்பினர் ஒருவரின் வீட்டிலிருந்து வந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

செயற்குழு கூட்டம் இரவு பதினொன்றைத் தாண்டியது. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது, நேரே வழக்குப் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். ஒதுக்கி வைத்தோம். எதிர்த்தரப்பு பதில் மனுவில் முதல் வரியாக இந்த 9 குழாய்களைத்தான் எழுதும். தெரு தன் வேலையை முடிக்காமல் வழக்குக்குப் போவது சரியான வரிசையாகத் தெரியவில்லை.

குழாய் வைத்திருப்பவர்களின் பெயர்களைப் பொதுக்குழுவில் வாசிப்பதா என்பதில்தான் உண்மையான சண்டை. வாசித்தால்தான் பயம் வரும் என்றது ஒரு பக்கம். வாசித்த மறுநாளே சந்தா நின்றுவிடும், அப்புறம் அந்த வீட்டுக் கதவைத் தட்டவே முடியாது என்றது மறுபக்கம். அதற்குள் அந்தச் செயற்குழு உறுப்பினரே எழுந்தார். “ஒரு பைப் என் வீட்டுது. இந்த வாரம் அடைச்சுடறேன். மத்ததைப் பேசுங்க.” அவர் சொன்ன பிறகு பெயர் வாசிக்கும் யோசனைக்கு ஆதரவு கரைந்தது. வீட்டுக்கு வீடு போய்ப் பேசுவது, ஆகஸ்ட் கடைசி வரை அவகாசம் கொடுப்பது, அதற்குப் பிறகும் அடைக்காதவர்களைப் பற்றி உள்ளாட்சிக்கு எழுதுவது என்று தீர்மானம் ஆனது.

பேசப் போனவர்கள் இணைச் செயலாளரும் தையல் கடைக்காரரும். இருவரும் பெண்கள். கழிப்பறை எதிர்த்து வருவதைப் பற்றி வீட்டுப் பெண்கள் அவர்களிடம் மறைக்காமல் பேசினார்கள். தலைவர் போயிருந்தால் இது கிடைத்திருக்காது. அவர்கள் கொண்டுவந்த செய்தி சங்கத்தின் கணக்கையே மாற்றியது. 9 குழாய்களில் 6, வாடகைக்கு விட்ட வீடுகளினுடையவை. உரிமையாளர்கள் வேறு ஊரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். லாரிக்குக் காசு கொடுப்பது குடித்தனக்காரர், டேங்கைப் பெரிதாக்க வேண்டியவர் உரிமையாளர். “அடுத்த மாசம் பாக்கலாம்” என்ற பதிலைக் கேட்டுச் சலித்த குடித்தனக்காரர்கள் பிளம்பரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சங்க விதிப்படி குடித்தனக்காரர் உறுப்பினராகவும் முடியாது. தையல் கடைக்காரரே வாடகை வீட்டில் இருப்பவர்தான். அந்த ஆண்டே விதித்திருத்தத்துக்குச் சிறப்புத் தீர்மானம் கொண்டுவந்து, குடித்தனக்காரர்களுக்கு உறுப்பினர் உரிமை கொடுத்து, பதிவாளரிடம் தாக்கல் செய்தோம். எதிர்ப்பு இருந்தது. வாக்கெடுப்பில் தாண்டிவிட்டது.

அடைக்கச் சொன்னால் மட்டும் போதாது, கழிவுநீர் எங்கே போவது என்பதற்கும் பதில் வேண்டும். குளியல், துவையல் தண்ணீரை டேங்கில் சேர்க்காமல் தனியாகப் பிரித்துத் தோட்டத்தில் வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாம் என்று இடம் உள்ள வீடுகளுக்குச் சொன்னோம். கோடையில் இது நன்றாக உதவுகிறது, கார்த்திகையில் உதவாது. மழைக்கால மூன்று மாதத்துக்கு, உரிமம் பெற்ற ஒரு கழிவுநீர் லாரியோடு சங்கம் பேசி, வாரத்தில் குறிப்பிட்ட நாளில் வந்து முறை வைத்து எடுக்க ஏற்பாடு செய்தது. ஒரே தெருவில் அடுத்தடுத்து வேலை கிடைப்பதால் நடைக்கு ஆகும் கட்டணம் குறைந்தது. பாதாளச் சாக்கடை வரும் வரை இது ஒட்டுப்போட்ட தீர்வுதான்.

வண்டல் அகற்றும் விஷயத்தில் விவாதமே தேவைப்படவில்லை என்று சொல்ல ஆசை, ஆனால் நடந்தது. இரண்டு ஆளை விட்டால் ஒரு நாளில் வாரிப் போட்டுவிடுவார்கள், தொகையும் சின்னது என்று ஓர் உறுப்பினர் சொன்னார். மலக் கழிவு கலந்த வடிகாலுக்குள் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் போய் மாட்டும் வேலை. செப்டிக் டேங்கிலோ சாக்கடையிலோ அப்படி ஆளை இறக்கி வேலை வாங்குகிறவருக்கு முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனையை விட, உள்ளே இருக்கும் வாயு ஆளைக் கொல்லும் என்பதுதான் காரணம். வண்டலை இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்கும் சூப்பர் சக்கர் வண்டி கேட்டு எழுதிவிட்டுக் காத்திருந்தோம். நாள் பிடித்தது. வண்டி வந்தது.

7 அங்குலத்துக்கு வழி தேடித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குப் போனோம். அந்தச் சட்டத்தை நகல் கேட்கப் பயன்படுத்துவதே வழக்கம். அதன் பிரிவு 2(ஜே), ஆவணங்களையும் பணிகளையும் நேரில் பார்வையிடவும் உரிமை தருகிறது. 10 ரூபாய்க் கட்டணத்தோடு, வரைபடத்தையும் அளவுப் புத்தகத்தையும் (முடிந்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு) பார்வையிட அனுமதி கேட்டோம். 30 நாள் கழிந்தும் பதில் இல்லை, முதல் மேல்முறையீட்டுக்குப் பிறகு அழைத்தார்கள். வரைபடத்தில் சரிவு ஒழுங்காக இருந்தது. களத்தில், சிறுபாலத்துக்கு அடியில் ஒரு குடிநீர்க் குழாய் குறுக்கே போகிறது. அதைத் தாண்ட வடிகாலின் தரையை உயர்த்திவிட்டார்கள். அளவுப் புத்தகத்தில் அந்தக் குழாயைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இன்னொரு வழியும் பேசப்பட்டது. நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டின் மூன்றில் ஒரு பங்கைத் தெரு கொடுத்தால் வேலை சீக்கிரம் நடக்கும் என்றார்கள். பூங்காவுக்கோ மரம் வளர்ப்பதற்கோ என்றால் கொடுத்திருப்போம். அரசுப் பணத்தில் தவறாக முடிந்த வேலையைத் திருத்த மக்கள் பணம் கொடுப்பது தவறான முன்மாதிரி என்று மறுத்துவிட்டோம். இதில் இன்றும் இரண்டு கருத்து உண்டு. கொடுத்திருந்தால் ஒரு மழைக்காலம் மிச்சமாகியிருக்கலாம்.

தொடர்ந்து நடந்தவை

உதவிப் பொறியாளரைக் கூட்டாய்வுக்கு அழைத்தோம். டியூப் லெவல் அளவெல்லாம் ஏற்க முடியாது என்றார். நியாயம்தான். அடுத்த வாரம் அவரே லெவல் கருவியோடு ஆட்களை அனுப்பினார். அவர்கள் அளவுக்கும் மேஸ்திரி அளவுக்கும் அரை அங்குலத்துக்குள்தான் வித்தியாசம். அதற்குப் பிறகு பேச்சின் தொனியே மாறியது. “தண்ணி நிக்குது சார்” என்ற மனுவுக்கும், எந்த மூடிக்கும் எந்த மூடிக்கும் நடுவில் எவ்வளவு ஏற்றம் என்று எழுதிய மனுவுக்கும் அலுவலகத்தில் வேறு வேறு மேசை இருக்கிறது போலும்.

குழாயைக் கீழே இறக்கக் குடிநீர்ப் பிரிவின் ஒப்புதல் வேண்டியிருந்தது. கிடைத்து, 2023 அக்டோபரில் சிறுபாலத்தடியை உடைத்துத் தரையைத் தாழ்த்தினார்கள். தாழ்ந்த பகுதியில் உள்வாங்கும் துளைகளைச் சாலை மட்டத்துக்கு வெட்டினார்கள். ஆகஸ்டுக்குள் 9 குழாய்களில் 7 அடைபட்டிருந்தன. அடுக்ககத்தார் “எங்களை மட்டும் ஏன் கேக்கறீங்க” என்ற இடத்திலேயே நின்றார்கள். மற்ற 7 அடைபட்டதைக் காட்டிய பிறகும் அசையவில்லை. சொன்னபடி உள்ளாட்சிக்கு எழுதினோம், நோட்டீஸ் வந்தது, அடைத்தார்கள். கடைசி ஒன்று இன்னும் ஓடுகிறது. வீட்டின் உரிமை பற்றியே வழக்கு நடப்பதால் யாரிடம் பேசுவது என்று தெரியவில்லை.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. நடுத்தெருவில் இடுப்பளவு தண்ணீர். இவ்வளவு வேலையும் வீண் என்று சிலர் சொன்னார்கள். அந்த மழையில் சதுப்பு நிலமே நிரம்பி, கால்வாய் பின்னோக்கித் தள்ளியது. வெளியே போக இடமில்லாதபோது எந்த வடிகாலும் வேலை செய்யாது. அதை வைத்து இதை எடைபோட முடியாது. 2024 அக்டோபர் நடுவில் பெய்த கனமழைதான் நியாயமான சோதனை. மறுநாள் மதியத்துக்குள் நடுத்தெரு வடிந்தது, தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது. கிழக்கு முனையில் சாலையை விடத் தாழ்ந்துபோன மூன்று வீடுகளுக்குள் மட்டும் வழக்கம்போல நுழைந்தது. சாலையைச் சுரண்டி இறக்காமல் அந்த வீடுகளுக்கு விடிவில்லை.

கீழ்த்தெரு

அந்த மழைக்கு இரண்டு நாள் கழித்துக் கீழ்த்தெருச் சங்கத்தின் செயலாளர் வந்தார். “அண்ணே, உங்க தெரு காஞ்சுடுச்சு. எங்க வாசல்ல நிக்குது” என்றார். போய்ப் பார்த்தோம். உபரிநீர்க் கால்வாய் கீழ்த்தெருவுக்குப் பின்னால் ஒரு குறுகிய கல்வெர்ட், அதாவது சிறுபாலம், வழியாகப் போகிறது, அதன் வாயில் ஆகாயத்தாமரை அடைத்திருந்தது. முன்பு நடுத்தெருவில் ஒரு நாள், மூன்று நாள் என்று தங்கி மெதுவாக வந்த தண்ணீர், இப்போது சில மணி நேரத்தில் மொத்தமாக வந்து சேர்கிறது. நாங்கள் மட்டம் பார்த்தது எங்கள் தெருமுனை வரை. அதற்கு அப்பால் கால்வாய் என்ன தாங்கும் என்று யாரும் கேட்கவில்லை. வரைபடத்திலும் வேலை அங்கேயே முடிகிறது.

இனி மாறுபவை

இரண்டு சங்கங்களும் இப்போது கூட்டுக் குழு வைத்திருக்கின்றன. கல்வெர்ட் வரை மட்டம் பார்த்தாயிற்று. அதே மேஸ்திரி, இந்த முறை கீழ்த்தெரு இளைஞர்கள் டியூபைப் பிடித்தார்கள். இனி எந்த வேலைக்கும் மனு கொடுக்கும்போதே வரைபடத்தைக் கேட்பது, தோண்டியதும் கான்கிரீட் போடுவதற்கு முன் தரை மட்டத்தைக் குறிப்பது, தண்ணீர் போய்ச் சேரும் தெருவின் சங்கத்தைத் தொடக்கத்திலேயே கூட்டி உட்கார வைப்பது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதியாயிற்று. ஏப்ரலில் ஒரு காலை மூடிகளைத் திறந்து பார்ப்பதும் ஆண்டு வேலைகளில் சேர்ந்துவிட்டது.

கல்வெர்ட்டை அகலப்படுத்தக் கூட்டு மனு கொடுத்திருக்கிறோம். மதிப்பீடு தயாராகிறது என்று சொல்கிறார்கள். அது நடக்கும் வரை மழை நாட்களில் கீழ்த்தெருவில் ஒரு டீசல் பம்ப் ஓட வேண்டும். அதன் டீசலில் பாதியை நடுத்தெருச் சங்கம் கொடுப்பதாக ஏற்பாடு. எங்கள் பொதுக்குழுவில் இது இரண்டே வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது, அடுத்த பொதுக்குழுவில் மறுபடி விவாதத்துக்கு வருகிறது.